நெல்லிக்காய் அளவு புளி

முப்பத்தொரு வருஷம் அந்தோணிராஜின் வலது கையில் ஒரு பிரஷ் இருந்தது, அதன் நுனியில் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. சத்தி ரோட்டில் தண்ணீர்ப் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்ட்டை எடுப்பார், மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகுவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அளவைப் படிப்பார். சரியாக இருந்தால் வாயைத் திறக்காமல் இடது பக்கத்து ட்ரேயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ சிவப்புக் கோடு. கோடு விழுந்த ஷாஃப்ட்டுக்காக யார் வந்து பேசினாலும் பிரயோஜனம் இல்லை. முதலாளியின் மச்சினன் ஒருமுறை பேசிப் பார்த்தார். அவர் சாய்ந்து நின்ற மேசையின் கால் ஆடுகிறது என்று அதிலும் ஒரு கோடு விழுந்தது.

அவர் தள்ளிய ஷாஃப்ட்டுகளில் பாதிக்கு மேல் சிக்கந்தர் கடைந்தவை. உக்கடத்துக்காரர், கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒரு பெருநாளுக்கு முந்தின தினம் அவருடைய நாற்பது ஷாஃப்ட்டுகளை அந்தோணிராஜ் மொத்தமாகத் தள்ளிவிட, ஊரே பிறை பார்க்கப் போன நேரத்தில் மனுஷன் லேத்தை விட்டு நகர முடியாமல் நின்றார். ஸ்டோர் கீப்பர் சென்னியப்பன்தான் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தார். அந்த டீயிலிருந்து மூவரும் சிநேகிதர்கள். சிநேகம் வேறு, ஷாஃப்ட் வேறு என்பதால் கோடு மட்டும் நிற்கவில்லை.

வீட்டிலும் அவர் இன்ஸ்பெக்டர்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மனைவி பிலோமினா மீன் குழம்பு வைத்தார். பரிமாறிவிட்டுக் கரண்டியோடு பக்கத்திலேயே நின்று, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். அந்தோணிராஜ் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "ரிஜெக்ட் பண்ணலீல்ல, அப்ப பாஸ்னுதான் அர்த்தம்" என்றார். இதை மறுநாள் கம்பெனியிலும் சொல்லிச் சிரித்தார். பிலோமினாவும் சிரித்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் அந்த அம்மாள் கேட்கவே இல்லை. பரிமாறிவிட்டுக் கரண்டியோடு கொஞ்ச நேரம் நிற்பதை மட்டும் விடவில்லை.

அந்தோணிராஜ் ரிட்டயர் ஆன வருஷமே பிலோமினா போய்விட்டார். மகள் ஜோவிதாவுக்குச் சென்னையில் வேலை. கணபதி ஏரியாவில் இருந்த அந்த வீட்டில் அவரும் ஃபேனும்தான். வார நாட்களை மெஸ் சாப்பாட்டில் ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தால் மீன் வாசனை இல்லை, மிக்ஸி சத்தம் இல்லை, "கைகால் களுவீட்டு வாங்க" என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். நாலாம் மாதம் சிக்கந்தருக்கும் சென்னியப்பனுக்கும் போன் போட்டு, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், நானே சமைக்கிறேன் என்று அறிவித்தார். அதுவரை அவர் அடுப்பில் வைத்திருந்தது வெந்நீர் மட்டும்.

பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளிடம் போய், கையில் நோட்டோடு உட்கார்ந்தார். தெய்வாத்தாள் நல்ல சமையல்காரி, ஆனால் அந்த அம்மாள் சொன்ன எதிலும் அளவு இல்லை. கொஞ்சம் என்றார், ஒரு கை என்றார், வாசம் வரும்வரை வதக்குங்க என்றார். அந்தோணிராஜுக்குக் காய்ச்சல் வரும்போல் இருந்தது.

"புளி எத்தனைங்க?"

"ஒரு நெல்லிக்கா தண்டி போடுங்க."

"நெல்லிக்கா எத்தன மில்லிமீட்டர் இருக்குமுங்க?"

தெய்வாத்தாள் இதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அந்தோணிராஜ் சிரிக்கவில்லை. நேராகப் பழக்கடைக்குப் போய் நல்ல நெல்லிக்காயாக ஐந்து வாங்கி வந்து, வெர்னியரில் வைத்து அளந்து, சராசரி எடுத்தார். முப்பத்தாறு மில்லிமீட்டர். அந்த விட்டத்துக்குப் புளியை உருட்டித் தராசில் வைத்தார். முப்பது கிராம். கம்பெனியில் எழுதுவதுபோலவே கட்டம் போட்ட தாளில், மீன் குழம்பு, புளி: முப்பது கிராம், கூட்டல் கழித்தல் அரை கிராம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினார். கொள்ளு ரசத்துக்கும் அதே முப்பது. மசாலா வதக்க நாலு நிமிஷம், கையில் ஸ்டாப்வாட்ச். உலகத்தில் இத்தனை ஒழுங்காக எந்தக் குழம்பும் வைக்கப்பட்டிருக்காது.

இதில் இன்னொன்றும் உண்டு. செய்தவன் கையாலேயே சோதனை நடக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். டர்னர் கடைவான், இன்ஸ்பெக்டர் பார்ப்பான். ஆகவே அந்தோணிராஜ் தன் சமையலைத் தானே ருசி பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். தன் நாக்கு தன் பக்கம்தான் பேசும், அதன் சாட்சி செல்லாது. சிநேகிதர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சத்தை நிறையத் தயிர் விட்டுப் பிசைந்து, வேறு யோசனையாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். முப்பத்தொரு வருஷம் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்ட நாக்கு அது, ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை தோறும் நெஞ்சு எரிந்தது. வேலை இல்லாமல் சும்மா இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டருக்கே விளக்கம் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சிக்கந்தரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். சென்னியப்பன் ரிட்டயர் ஆன பிறகு உடுமலைப்பேட்டைப் பக்கம் தன் தென்னந்தோப்புக்கே போய்விட்டவர். காலையில் பஸ் ஏறி இரண்டு மணி நேரம் பயணம் செய்து உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து சிக்கந்தரின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் நாலு தேங்காய். அந்தோணிராஜ் இலை போட்டார், சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நின்றார்.

"எப்படிங்க இருக்கு?"

சென்னியப்பன் வாயில் இருந்ததை விழுங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நல்லாருக்குங்க தம்பி" என்றார்.

சிக்கந்தர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பிலோமினாக்கா கை அப்படியே வந்திருக்குதுங்ணா" என்றார்.

அந்தோணிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசம் எடுத்து வரப் போனார். பாஸ். முதல் லாட்டே பாஸ்.

நம் ஊர்ப் பக்கம் இலையில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் சமைத்தவர் மனசு நோகும். நல்லாருக்கு என்றாலோ இன்னொரு கரண்டி விழும். விழுந்ததை வைத்தால் இலையில் மீத்ததாக ஆகும், ஆகவே அதையும் சாப்பிட்டாக வேண்டும். அப்போது மறுபடியும் எப்படியிருக்கு என்பார்கள். இந்தச் சக்கரத்தில் அந்த இரண்டு பெரிய மனுஷர்களும் இரண்டு வருஷம் சுற்றினார்கள். ரம்ஜான் மாதத்தில் சிக்கந்தருக்கு மட்டும் விடுதலை கிடைத்தது. அந்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் சென்னியப்பன் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் தாங்கினார்.

போகும்போது மீந்த குழம்பை ஒரு தூக்கில் ஊற்றி, "ரம்லாவுக்குக் குடுங்க" என்று சிக்கந்தர் கையில் திணிப்பார் அந்தோணிராஜ். மூடியில் பிலோமினாவின் பெயர் வெட்டிய தூக்கு அது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதால் திங்கட்கிழமை சிக்கந்தரின் மனைவி ரம்லா அதில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தனுப்புவார். அது நன்றாக இருக்கும். அதை அந்தோணிராஜ் தயிர் இல்லாமலே சாப்பிடுவார். ரம்லாவின் கை வர வரத் தேறி வருகிறது, நம் குழம்பைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அந்தப் பதம் பிடிபட்டிருக்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். பெருந்தன்மையாக அதை வெளியே சொல்லவில்லை.

இப்படியாக அவருடைய வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டு நின்றது. வியாழன் அன்றே அரிசி பார்ப்பார். சனிக்கிழமை கத்தி தீட்டுவார். அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மிச்ச ஆறு நாளும் எழுந்து பல் துலக்குகிறோம் என்று அவருக்கே தெரியும், பூசையில் இதற்கு நன்றியும் சொல்வார்.

போன பங்குனியில் ஜோவிதா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். ஒரு சனிக்கிழமை. அந்தோணிராஜ் பூரித்துப்போய், மகளுக்காக ஒரு நாள் முன்னாலேயே மீன் வாங்கி, தாளைப் பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்தார். சென்னைக்குப் போன நாலு வருஷத்தில் ஜோவிதாவின் வாயிலிருந்து 'ங்க' உதிர்ந்துபோயிருந்தது. ஒரு வாய் வைத்தாள்.

"ப்பா, என்னப்பா இது. பல்லு கூசுது."

"என்ன கண்ணு?"

"புளிப்புப்பா. வாயிலயே வைக்க முடியல. இதையா அவங்களுக்குப் போடுறீங்க?"

அந்தோணிராஜுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "உனக்கு ஓட்டல்ல தின்னு நாக்கு செத்துப்போச்சு அம்மணி. ஒரு மனுஷன் உடுமலையிலிருந்து ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்து சாப்பிட்டுட்டுப் போறாரு. ரெண்டு வருஷமா ஒரு வாரம் தப்பல. நல்லால்லாத சோத்துக்கு யாராச்சும் அப்படி வருவாங்களா?"

ஜோவிதா சோற்றில் தயிரை ஊற்றினாள், அப்பா ஊற்றுகிற அதே அளவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலுக்கே கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் குடைச்சல் ஆரம்பித்தது. இரண்டு பேர் பாஸ் என்கிறார்கள், ஒருத்தி ரிஜெக்ட் என்கிறாள். கம்பெனியில் இதற்கு ஒரு வழி உண்டு. இன்ஸ்பெக்டர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்களா, இல்லை தூங்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள, மேனேஜர் நல்ல ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே வேண்டுமென்றே கெட்டது ஒன்றைக் கலந்துவிடுவார். அது பாஸாகி வெளியே வந்துவிட்டால், அந்த ஆள் அந்த வாரம் பாஸ் செய்த மொத்தமும் செல்லாது. முப்பத்தொரு வருஷத்தில் அந்தோணிராஜின் கையை அப்படி ஒரு கெட்ட ஷாஃப்ட்டும் தாண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மீன் குழம்பில் ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. சோற்றிலும் இல்லை, ரசத்திலும் இல்லை. உப்பு ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாராவது ஒருவர் "உப்புக் கொஞ்சம் குடுங்க" என்றால் போதும், இரண்டு வருஷத்து நல்லாருக்கும் உண்மையாகிவிடும். அன்று பூசையில் அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான், உப்புக் கேட்க வேண்டும் ஆண்டவரே.

இலை போட்டார். ஊற்றினார். கரண்டியோடு நின்றார். வழக்கத்தைவிடக் கிட்டத்தில் நின்றார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாருக்குங்க தம்பி" என்றார் சென்னியப்பன்.

சிக்கந்தர் யோசித்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய் எடுத்தார்.

"இன்னைக்கு ஒரு படி மேலங்ணா" என்றார் சிக்கந்தர்.

அந்தோணிராஜ் உள்ளே போய் ரசப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஆளுக்கு இரண்டு தடவை நல்லாருக்கு. எல்லாம் செல்லாது. அவருக்குக் குழம்பு கெட்டது கூடப் பெரிதாகப் படவில்லை. தன்னைச் சோதித்துப் பார்க்கவே இல்லையே, குழந்தை களிமண்ணில் இட்லி சுட்டுக் கொடுத்தால் சாப்பிடுவதுபோல் பாவனை செய்திருக்கிறார்களே என்பதுதான் உறுத்தியது. ரசத்தைக் கொண்டுபோய் ஊற்றினார். அன்று தூக்கில் எதையும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு பேருக்கும் போன் செய்து, உடம்பு சரியில்லை, நாளைக்குச் சாப்பாடு இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஃபேன் ஓடியது. மெஸ்ஸுக்கு ஞாயிறு விடுமுறை என்பது மதியம் இரண்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. பிஸ்கட் தின்றார். அதற்கடுத்த வாரமும் போன் செய்தார், உடம்பு இன்னும் சரியாகவில்லை என்றார். அது பொய்யும் இல்லை. இப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமலே போய்விடும், அது போனால் தனக்கு வேறு எதுவும் மீதி இல்லை என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் போனைத் திரும்ப எடுக்க மனசு வரவில்லை. இன்ஸ்பெக்டர் அல்லவா.

அந்த இரண்டாவது ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் சிக்கந்தர், பின்னால் நாலு தேங்காயோடு சென்னியப்பன்.

"சாப்பாடு இல்லைன்னு சொன்னனுங்களே" என்றார் அந்தோணிராஜ், கதவை விட்டு நகராமல்.

"நாங்க சாப்பிட்டுட்டுத்தானுங்க வந்தோம்" என்றார் சென்னியப்பன். வெயிலில் நின்று அவருக்கு வேர்த்திருந்தது. "எப்பவுமே சாப்பிட்டுட்டுத்தானுங்க தம்பி வாரோம்."

சிக்கந்தர் அவர் கையைப் பிடித்து அமுக்கினார். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"எங்க?" என்றார் அந்தோணிராஜ்.

சிக்கந்தர்தான், "எங்கூட்லீங்ணா. உக்கடத்துல இவரு எறங்கினதும் ரம்லா ரெண்டு பேருக்கும் போட்டுருமுங்க. அப்புறந்தான் இங்க வாரது" என்றார்.

அந்தோணிராஜ் வழிவிட்டார். உள்ளே வந்து மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அப்ப ரெண்டு வருஷமா சொன்னதெல்லாம் பொய்யி."

"என்னங்ணா பண்றது. மொத நாளு நீங்க கரண்டியப் புடிச்சுட்டு நின்னீங்க பாருங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?"

"ரெண்டாவது வாரம் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க அந்தத் தாளக் கிழிச்சுப்போட்டு, அடுப்ப அணைச்சுப்போட்டு, கதவச் சாத்திக்குவீங்க" என்றார் சிக்கந்தர். "இப்பப் பண்ணிப்போட்டு உக்காந்திருக்கீங்களே, அதே மாதிரி."

அந்தோணிராஜ் எப்படியும் கேட்டுவிடுவது என்று, "ரம்லாவாச்சும் நான் குடுத்தனுப்பறத ஊத்திக்கிச்சுங்களா?" என்றார்.

சிக்கந்தருக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க திங்கக்கெழம தின்னதெல்லாம் உங்க கொழம்புதானுங்ணா. ரம்லா அதுல பாதிப் புளித் தண்ணியக் கொட்டிட்டு, இவரு எங்கூட்டுக்கும் கொண்டார தேங்காயில பால் புழிஞ்சு ஊத்தி, வெல்லம் தட்டிப் போட்டு, திரும்பக் கொதிக்க வெச்சுத் தூக்குல ஊத்திக் குடுத்திரும். கம்பெனில ரிஜெக்ட் ஆனத நாங்க திரும்பக் கடைஞ்சு தருவமில்லீங்களா, அந்த மாதிரி."

அந்தோணிராஜுக்கு இதில்தான் கொஞ்சம் ஆறுதல் வந்தது என்றால் நம்ப முடியாது, ஆனால் வந்தது. ரிஜெக்ட் ஆனதைக் குப்பையில் போடாமல் சரிசெய்திருக்கிறார்கள், அது முறை. அவர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார். நல்லால்லாத சோற்றுக்கு யாராவது இத்தனை தூரம் வருவார்களா என்று மகளிடம் கேட்டது ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் வந்திருக்கிறார். ரம்லா வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் இதையும் சாப்பிட, வாரா வாரம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"எதுக்குங்கண்ணா வந்தீங்க?" என்று கேட்டார்.

சென்னியப்பனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஞாயித்துக்கெழமைங்களே" என்றார்.

அதற்கப்புறம் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை நடந்தது. மூன்று பேரும் அடுப்புக்கு மேலிருந்த தாளின் முன்னால் நின்றார்கள். சிக்கந்தர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, புளியில் நின்றார். "முப்பது கிராம் யாரு சொன்னதுங்ணா?" நெல்லிக்காய்க் கதை வெளியே வந்தது. சத்தம் கேட்டுத் தெய்வாத்தாளே கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து கூப்பிட, மூவரும் வெளியே வந்தார்கள்.

"ஏனுங்க, நான் எங்கூட்டு மரத்து நெல்லிக்காயில்ல சொன்னேன்" என்றார். சுவரோரமாக நின்ற அரநெல்லி மரத்திலிருந்து ஒரு காயைப் பறித்துச் சுவர் மேல் வைத்தார். அந்தோணிராஜ் உள்ளே ஓடிப்போய் வெர்னியரை எடுத்து வந்தார். பதினெட்டு மில்லிமீட்டர். விட்டத்தில் சரிபாதி. விட்டம் பாதியானால் கனம் எட்டில் ஒரு பங்கு என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டு மடங்குப் புளி, இரண்டு வருஷம், கூட்டல் கழித்தல் அரை கிராம் சுத்தத்தில்.

அலமாரியில் பழைய டப்பா ஒன்றில் சிவப்புப் பெயிண்ட் காய்ந்து கிடந்தது. கொஞ்சம் தின்னர் விட்டுக் கலக்கி, அந்தத் தாளின் குறுக்கே அவரே ஒரு கோடு இழுத்தார். அவர் தன் வேலைக்குத் தானே போட்ட முதல் கோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தராசை எடுக்கவில்லை. தெய்வாத்தாள் வீட்டு நெல்லிக்காய் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழம்புக்கு அதுபோல் ஒன்று, ரசத்துக்கு ஒன்று என்று புளியைக் கையாலேயே உருட்டினார். வாசம் வரும்வரை வதக்கினார். சட்டத்தை மீறி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியும் பார்த்தார். அவருடைய நாக்கு ஏதோ சொன்னது, ஆனால் அதன் பேச்சை நம்ப அவருக்குப் பழக்கமில்லை.

பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டர் வந்தது. "இன்னைக்கு ரம்லா ஒண்ணும் குடுக்கலீங்ணா" என்றார் சிக்கந்தர் செருப்பைக் கழற்றியபடி. "வெறும் வயித்தோடதான் வந்திருக்கோம். பாத்துப் போடுங்க."

இலை போட்டார். சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நின்றார்.

இரண்டு பேரும் பிசைந்தார்கள், வாயில் வைத்தார்கள். சென்னியப்பன் அடுத்த உருண்டையை எடுத்தார். சிக்கந்தர் மீனில் முள் பார்த்து எடுத்து இலையோரம் வைத்தார், மறுபடியும் பிசைந்தார். டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. யாரும் தலையைத் தூக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் பூசை மணி மாதிரி நேரம் தவறாமல் கேட்ட நல்லாருக்குங்க அன்று கேட்கவே இல்லை.

அந்தோணிராஜ் நின்றார். கேட்டுவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பொய்யாகவாவது ஒரு தடவை சொன்னால் என்ன என்றிருந்தது அவருக்கு. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், பசித்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி. ரிஜெக்ட் பண்ணவில்லை. அப்படியென்றால் பாஸ்தான். இதைவிடச் சுத்தமான பாஸை அவர் முப்பத்தொரு வருஷத்தில் யாருக்கும் கொடுத்ததில்லை.

இதே இடத்தில்தான் பிலோமினா நிற்பார். அடுப்படி நிலைக்கும் மேசைக்கும் நடுவே, இதே கரண்டியோடு. பிறகு எதுவும் கேட்காமல் உள்ளே போவார். இருபத்தொன்பது வருஷம். அத்தனை குழம்பும் நன்றாக இருந்தது. ஒரு நாள்கூட அந்தோணிராஜ் அதைச் சொல்லவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டித் தன் கால் மேல் விழுவதை அந்தோணிராஜ் கவனிக்கவில்லை.

"என்னங்ணா நின்னுட்டீங்க" என்றார் சிக்கந்தர், இலையிலிருந்து தலையை எடுக்காமல். "ரசம் ஊத்துங்க."

அவர் உள்ளே போய் ரசத்தை எடுத்து வந்தார்.